மலைக்குப் போட்ட கண்ணாடி

சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடி, ரஞ்சித்குமார் ஒட்டியது இல்லை.

அவன் ஒட்டியது ஆய்வகத்துக் கண்ணாடி வில்லை. விரல் நீளம், காகிதம் போல மெல்லிசு, விளிம்பு வழவழவென்று இருக்கும். இது தடித்திருந்தது. வெட்டுவாயில் பச்சை ஓடியது. ஆனால் இடம் மாறவில்லை. வாசல் நிலைக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில், சுவர் வெடிப்பின் குறுக்கே அதே இடம். இரண்டு முனையிலும் எம்சீல் பசை வைத்து, அவன் அழுத்தியது போலவே கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்கள். பக்கத்தில், அவன் எழுதியது போலவே நீல மையில் வீட்டு எண். எழுத்து மட்டும் வேறு கை.

அவன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் சாணி மெழுகிய தரையில் புள்ளி வைத்தது. பிற்பகல்தான். ஆனாலும் மேகம் மலையிலிருந்து இறங்கி வந்து, மழைக்கு ஒதுங்க இடம் கேட்கும் ஆடு மாதிரி வாசலிலேயே நின்றது. கரண்ட் காலையிலேயே போயிருந்தது. அடுப்பில் கூழ் கொதிக்கும் சத்தம், ஓட்டின் மேல் மழை விழும் சத்தம், இரண்டுக்கும் அடியில், காதுக்குச் சரியாகப் பிடிபடாமல், யாரோ வெகு தூரத்தில் திருகையில் கேழ்வரகு அரைப்பது போல ஒன்று.

மேல்கொட்டாய் என்ற அந்த மலையூரில் எல்லா வீடும் சரிவை வெட்டி உட்கார வைத்த வீடுதான். முன்வாசலில் நின்றால் கீழே அரூர் போகும் ரோடு, மேகம் இல்லாத நாளில் தூரத்தில் தீர்த்தமலை. பின்சுவரிலிருந்து ஒரு முழத்தில் மலை. போன வருஷத்துப் புயல் மழையில் சுற்றுவட்டாரத்துச் சரிவுகள் பெயர்ந்த பிறகு பல்கலைக்கழகம் ஒரு ஆய்வுத் திட்டம் போட்டது. எந்தச் சரிவு நகர்கிறது, அதன் அடியில் குடியிருப்பவர்களுக்கு அதை எப்படி முன்கூட்டியே தெரியவைப்பது என்பதுதான் வேலை. ரஞ்சித்குமார் அதில் ஆய்வாளன். பெரிய கருவி எதுவும் கிடையாது. வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடி. மலை நூலளவு நகர்ந்தால் சுவர் நகரும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அவனுக்கு போன் செய்துவிட்டு எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். வீடு வீடாக ஏறி இதைத்தான் சொன்னான். மழைக்காலம் முழுக்க அவர்கள் போனில் அனுப்பிய படங்களில் எல்லாக் கண்ணாடியும் முழுசாகவே இருந்தது.

தருமபுரி அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் கலைமணிக்குத்தான் அது உறுத்தியது. "சுத்தி இருக்கற மலையெல்லாம் சரியுது. இது ஒண்ணு மட்டும் தியானத்துல உக்காந்திருக்கா? ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வாங்க ரஞ்சித்," என்றாள்.

வந்துவிட்டான். வீட்டுக்காரி குள்ளம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லாத்தானே சார் இருக்குது? தெனமும் தொடச்சி வெக்கிறேன்."

"இது நான் ஒட்டுனது இல்லையேம்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். சென்றாயன் சுவரில் சாய்ந்து பீடியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். சார் இருப்பதால் பற்றவைக்கவில்லை.

"சொல்லிப்புடு," என்றார். "மலைக்கே மூக்குக் கண்ணாடி மாட்டுனவரு. அவருகிட்ட மறைக்க முடியுமா?"

"ஒடஞ்சிருச்சிங்க சார். நாங்க யாரும் கை வெக்கல. ஆட்டுக்குட்டியக்கூட அந்தப் பக்கம் வுடல. படுத்துக் கெடக்கறோம், பட்டுனு வுழுந்திருச்சி. காலேஜி சாமானு. நீங்க வந்து எங்கன்னு கேட்டா என்னா சொல்றது? அதான் எங்க பையன் முருகேசு அரூரு கடையில வெட்டியாந்து ஒட்டுனான்."

"எப்ப ஒடஞ்சது?"

"மொத மழையிலயே. அப்பறமும் ஒடையும். ஒடைய ஒடைய மாத்திருவோம். வெடிப்பு வுட்ட வூட்ல ஒடஞ்ச கண்ணாடியும் இருந்தா நல்லதா சார்?"

"மத்த வூடுங்கள்ல?"

"எல்லார் வூட்லயுந்தான் ஒடையுது. எங்ககிட்ட இருந்துதான் வாங்கிக்கினு போவாங்க." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒருத்தர் வூட்லயும் உங்க கண்ணாடிய ஒடஞ்சமேனிக்கு வெக்கல சார்."

உடைந்தால் எனக்கு போன் பண்ணுங்கள் என்று அவன் சொன்னான். சட்டை டக்-இன் செய்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் பேனாவோடு ஒருவன் வந்து அப்படிச் சொன்னால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். உடைத்தவர் பதில் சொல்ல வேண்டும். ஆய்வறிக்கையில் இந்த ஊருக்கு அவன் நிலையானது என்று எழுதி வைத்திருந்தான். மலை அத்தனை நாளும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இவர்கள் மரியாதைக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பயம் வரவேண்டிய இடம். வரவில்லை. மனைவி சுகுணா போன பிறகு அவனுக்கு எல்லாமே இப்படித்தான். சோறு என்று தெரியும், பசி தெரியாது. மழை என்று தெரியும், குளிர் தெரியாது. இதுவும் ஆபத்து என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

"கெளம்புங்க," என்றான். "பள்ளிக்கூடத்துக்கு. இப்பவே. வழியில எல்லா வூட்லயும் சொல்லிக்கிட்டே போங்க. ஒருத்தரும் சாமான் எடுக்க நிக்கக் கூடாது."

"மழை கொஞ்சம் வுடட்டுமே சார்," என்றார் சென்றாயன்.

"மழை வுட்டதும் வர்றேன்னு மலை சொல்லிச்சா?"

அதைச் சிரிக்காமல் சொன்னான். சென்றாயன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். குள்ளம்மாள் கூழ்ச்சட்டியை இறக்கி வைத்தாள். ஆட்டை அவிழ்த்தாள். வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"உள்ரூம்புல ஒண்ணு பெருசா இருக்குது சார். மூட்டைக்குப் பின்னால. அங்க வெடிப்பு அகலம், சின்னக் கண்ணாடி நிக்கல. முருகேசு லாரியில போறப்ப தொப்பூர்ல பழைய சாமான் கடையில வாங்கியாந்தான். காரு கண்ணாடி. லேசுல ஒடையாதுன்னு சொன்னாங்களாம். அது மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒடையவே இல்ல."

அவள் போய்விட்டாள். மேகத்துக்குள் அவர்களுடைய குரல் ஒவ்வொரு வாசலாக இறங்கியது. ஏ மாது, வெளிய வா. ஏ ஆயா, எழுந்திரு.

அவனும் இறங்கியிருக்க வேண்டும். உள்வெடிப்பின் அகலத்தைப் பார்த்தால் எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று கீழே சொல்லலாம் என்று தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டான். ஆனால் தொப்பூர் என்ற சொல் காதில் விழுந்தபோதே அவன் கால்கள் உள்ளே திரும்பிவிட்டிருந்தன.

உள்ரூமில் புளி வாசம் முகத்தில் அடித்தது. கூரை வரை புளிமூட்டையும் கேழ்வரகு மூட்டையும். ஜன்னல் கிடையாது. போன் வெளிச்சத்தைப் போட்டு மூட்டைகளுக்கு இடையில் பக்கவாட்டாக நுழைந்தான். புளிக்கு அடியில் வேறொரு வாசம் வந்தது. அறுந்த வேரின் பச்சை வாசம், வெயிலே படாத மண் முதன்முதலாக வெளியே வரும்போது அடிக்கும் வாசம். பக்கச்சுவரில், தரையிலிருந்து அவன் நெற்றி உயரம் வரை வெடிப்பு ஓடியது. நடுவில் இரண்டு கை அகலத்துக்குக் கண்ணாடி, நாலு பக்கமும் சிமெண்ட் பூசிப் பதித்திருந்தது. கீழ் விளிம்பு நேர். மேல் விளிம்பு வளைவு. கார் ஜன்னல்தான். யாரோ சுவருக்கு ஒரு கார்க் கதவைச் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டது போல இருந்தது.

வெடிப்பு சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் வரை போயிருந்தது. அந்தப் பக்கம் வாசல். நரை வெளிச்சம் தெரிய வேண்டும்.

கருப்பாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. காற்றும் இல்லை. கீலில் ஒரு நீண்ட முனகலோடு, யாரோ தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகச் சாத்துவது போலச் சாத்தியது. மூட்டை வாயிலிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்து தரையில் உருண்டது. நிற்காமல், சரிவு தெரிந்தது போல, கதவு வரை போய்த் தட்டி நின்றது. தரை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் கதவு தானாக வந்தது. சரிவு நகரும் வீட்டில் கதவு தானாக அசையும், பிறகு நிலை முறுக்கிக்கொண்டு பிடித்துக்கொள்ளும் என்று அவனே பயிற்சிக் கூட்டத்தில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

போய் இழுத்தான். வரவில்லை. காலை நிலையில் ஊன்றி இழுத்தான். மேல்மூலையில் மரமும் மரமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. பையிலிருந்து பாறை உடைக்கும் சுத்தியலை எடுத்து அடித்தான். பழைய காலத்துக் கனத்த பலகை. சிராய்தான் பெயர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஓட்டிலிருந்து மண் கொட்டியது. மூன்றாவது அடியில் உத்தரம் ஒரு முறை பெருமூச்சு விட்டது. நிறுத்திக்கொண்டான். இன்னொரு அடி கதவைத் திறக்காது, கூரையை இறக்கும்.

போனில் சிக்னல் இல்லை. "சென்றாயன்," என்று கத்தினான். "அம்மா." சத்தம் மூட்டைகளிலேயே செத்தது. வெளியே குரல்கள் கீழே, இன்னும் கீழே. நல்ல வேளை, போகிறார்கள். பிறகு குரல்களும் இல்லை. தவளைச் சத்தம் இல்லை. வந்ததிலிருந்தே தவளைச் சத்தம் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இவ்வளவு மழையில்.

திருகை மட்டும் அரைத்தது. தூரத்தில் இல்லை. பின்சுவரில். சுவருக்கும் மலைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழத்தில்.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இரண்டு.

கண்ணாடியில்.

கல் விழுந்திருக்கும் என்று நினைத்தான். வெடிப்புக்குள் மண் உதிரும், கல் உருளும். ஆனால் கல்லுக்கு நிறுத்தத் தெரியாது. மறுபடி மூன்று. நிறுத்தம். இரண்டு. மோதிரம் கண்ணாடியில் படும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

தொப்பூர் இறக்கத்தில் அன்று காரை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் வாங்க அவன் மட்டும் இறங்கினான். சுகுணா காரிலேயே இருந்தாள். பின்னால் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி, காரை முன்னால் நின்ற லாரியோடு சேர்த்து நெருக்கி நிறுத்தியது. நான்கு கதவும் பிடித்துக்கொண்டன. அவள் பக்கத்துக் கண்ணாடி மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. அவன் கல்லை எடுத்தான். சுற்றி நின்றவர்கள் கையைப் பிடித்தார்கள். ஒடைக்காதீங்க சார், மூஞ்சில பட்டுடும். கட்டரு வந்துக்கினே இருக்குது. அவன் கல்லைக் கீழே போட்டான். கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தான். இரு சுகுணா, வந்துடுவாங்க, என்றான். அவள் உள்ளேயிருந்து மோதிரத்தால் தட்டினாள். மூன்று, நிறுத்தி இரண்டு. திரும்பத் திரும்ப. அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். பிறகு மூன்று மட்டும் தட்டினாள். பிறகு தட்டவில்லை. கதவை அறுக்கும் கட்டர் வந்தபோதும் அந்தக் கண்ணாடி உடையாமல்தான் இருந்தது.

காரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன் வெளிச்சத்தைக் கண்ணாடியின் கீழ்மூலைக்குக் கொண்டுபோனான். பார்க்கக் கூடாது என்று நினைத்தான். கை போனது. அங்கே பசை ஒட்டியிருந்தது. யாரோ சுரண்டிப் பார்த்துப் பாதியில் விட்ட ஸ்டிக்கர். ஒற்றை இறக்கை. மஞ்சள். பார்க்கிங்கில் நம்ம வண்டி தெரியணும் இல்ல, என்று சொல்லிச் சுகுணா ஒட்டிய பட்டாம்பூச்சி.

பயம் வந்தது.

எங்கிருந்தோ, எத்தனையோ நாள் கழித்து, முழுசாக வந்தது. குளிர் தெரிந்தது. மழைக்கோட்டுக்குள் ஈரச்சட்டை முதுகில் ஒட்டியிருப்பது தெரிந்தது. செத்துவிடக் கூடாது என்று உடம்பு சொன்னது. இத்தனை நாள் பேசாமல் கிடந்த உடம்பு. அதைக் கேட்டு அவனுக்கு அழுகை வந்தது.

வழி ஒன்றுதான். வெடிப்பு அகலம். கண்ணாடியை உடைத்து, இரண்டு பக்கமும் நெகிழ்ந்த செங்கல்லைப் பெயர்த்தால் ஆள் நுழையலாம். அந்தப் பக்கம் வாசல். அதற்குக் கீழே ரோடு, பள்ளிக்கூடம், கூழ்ச்சட்டியை விட்டுவிட்டுப் போனவர்கள்.

போனை மூட்டை மேல் வைத்தான். சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்தான். அடித்தான்.

உடையவில்லை.

கார்க் கண்ணாடி சுத்தியலுக்குப் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிரவில்லை. கீறல்கூட இல்லை. மறுபடி அடித்தான். முழு பலத்தோடு. கை எலும்பு வரை அதிர்ந்தது. அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. மூன்று. நிறுத்தம். இரண்டு.

"சுகுணா," என்றான்.

தட்டுவது நின்றது.

பின்சுவரில் செங்கல் ஒன்று வாய்விட்டுக் கத்தியது. அடிமூட்டை ஒன்று நகர்ந்து அவன் குதிகாலைத் தொட்டது. தள்ளவில்லை. தொட்டுக்கொண்டு நின்றது. பிறகு கொஞ்சம் தள்ளியது.

வெடிப்புக்குள் வெளிச்சம் வந்தது. நரை வெளிச்சம் இல்லை. சிவப்பு. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. கருகிய பிரேக் வாசம். டீசல். நிறையப் பேர் நிற்கும் சத்தம், ஒருவரும் ஒன்றும் செய்யாமல்.

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது.

பிரதிபலிப்பு. போன் வெளிச்சம் பின்னால் இருக்கிறது, முகம் தெரியத்தான் செய்யும். மூச்சை இழுத்துப் பிடித்தான். அந்த முகத்துக்குப் பின்னால் மூட்டைகள் தெரிய வேண்டும்.

ரோடு தெரிந்தது.

அந்த முகம் நனையவில்லை. மழைக்கோட்டு இல்லை. அன்றைக்குப் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை.

ரஞ்சித்குமாரின் இரண்டு கையும் சுத்தியலைப் பிடித்திருந்தன.

அந்த முகத்தின் கை, விரல்களை விரித்து, கண்ணாடியில் பதிந்திருந்தது.

உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"ஒடைடா," என்றான். "கல்ல எடு. ஒடைடா."

உதடு மறுபடி, இரு, வந்துடுவாங்க, என்றது. பொறுமையாக.

இன்னொரு மூட்டை வந்தது. இடுப்பை அழுத்தியது. சுத்தியலை ஓங்க இடமில்லை. கையை மேலே தூக்க இடமில்லை. நெஞ்சு கண்ணாடியில் பட்டது. விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. அவனால் கழற்ற முடியாமல் போன மோதிரம். அந்த விரல் மட்டும் அசைந்தது.

தட்டினான். மூன்று. நிறுத்தி, இரண்டு.

அந்தப் பக்கத்து முகம் திரும்பி, பின்னால் நிற்கும் யாரோ சொல்வதைக் கேட்டது. கேட்டுவிட்டு, சரி என்று தலையை ஆட்டியது. பிறகு மறுபடி அவனைப் பார்த்தது.

கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.